வாசகர் கேள்வி – பதில்: கொழும்பின் வெப்பமும் வளியும், சுற்றாடல் பௌதிகவியலும்

சுற்றாடல் பௌதிகவியல் என்றோர் ஆய்வுத்துறை இருப்பதாகச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிற் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி (உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி): சுற்றாடல் பௌதிகவியல் உண்மையிலேயே ஒரு தனி ஆய்வுத்துறையா, அல்லது வளிமண்டலவியலுக்கு வைத்த புதுப்பெயரா? நாங்கள் பாடசாலையில் படிக்கும் பௌதிகவியலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: வெப்பம், கதிர்ப்பு, பாய்பொருள்களின் இயக்கம், ஒளி, ஒலி ஆகியவை பற்றி நீங்கள் படிக்கும் அதே விதிகளை வளிமண்டலம், மண், நீர்நிலை, கடல், பயிர், நகரம் ஆகியவற்றின்மீது பிரயோகித்து, அவற்றுக்கிடையே சக்தியும் நீரும் வாயுக்களும் எவ்வளவு, எந்த வழியாக, என்ன வேகத்தில் கைமாறுகின்றன என்பதை அளந்து கணக்கிடுவதே இத்துறை. வளிமண்டலவியலாளர் நாளைய மழையைச் சொல்ல முனைகிறார். சுற்றாடல் விஞ்ஞானி ஒரு குளத்தின் உயிரினங்கள், இரசாயனம், அதைச் சூழ்ந்த சமூகம், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். சுற்றாடல் பௌதிகவியலாளரோ அந்தக் குளத்தின் மேற்பரப்பில் ஒரு சதுரமீற்றருக்கு எத்தனை வாற்று வந்தது, எத்தனை போனது, மீதி எங்கே என்று கேட்பார். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்திருப்பது உண்மைதான். ஆனால் மீதி எங்கே என்ற கேள்வியை விடாப்பிடியாகக் கேட்பவர்களை நான் இத்துறையிற்றான் அதிகம் காண்கிறேன்.

உங்கள் பாடத்தோடு உள்ள தொடர்பைக் காண ஒரு பரீட்சை வினாத்தாளைப் புரட்டினாற் போதும். கலோரிமானிக் கணக்குகளின் இறுதியில், 'சூழலுக்கு இழக்கப்படும் வெப்பம் புறக்கணிக்கத்தக்கது எனக் கொள்க' என்றொரு வரி வருமல்லவா? அந்த வரியிற் புறக்கணித்தது எதுவோ அதுவே இத்துறையின் ஆய்வுப்பொருள். ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்திருக்கலாம். வெளியே காற்று, ஈரம், முகில், மண் எல்லாம் ஒரே நேரத்தில் மாறும். எதையும் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே அளவைக் கருவிகளும், அளவீட்டிலுள்ள வழுவைக் கையாளும் புள்ளிவிபரவியலும் இங்கே கோட்பாட்டுக்கு நிகரான இடத்தைப் பெறுகின்றன.

வரலாறும் சிறியதன்று. பூமியின் வெப்பநிலையை வளிமண்டலம் எவ்வாறு உயர்த்துகிறது என்று பிரான்சின் ஜோசப் ஃபூரியே 1824இல் எழுதினார். காபனீரொட்சைட்டு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலிற் கூடுதலாகச் சூடாவதை அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் 1856இல் அறிவித்தார். வாயுக்கள் வெப்பக் கதிர்ப்பை உறிஞ்சுவதை ஜோன் டிண்டல் 1859 முதல் கருவிகொண்டு அளந்தார். இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹோவார்ட் பென்மன் 1948இல், ஒரு நிலப்பரப்பிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதைச் சூரியக் கதிர்ப்பு, காற்று, ஈரப்பதன், வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். ஜோன் மொன்ரீத் அதில் இலைகளின் பங்கையும் 1965இற் சேர்த்தார். இன்று உலகெங்கும் பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிடும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் இவ்விருவரின் பெயரால் வழங்கும் அந்தச் சமன்பாட்டையே கையாளுகிறார்கள். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் 1975இல் சுற்றாடல் பௌதிகவியலுக்கென்றே ஒரு நிறுவகம் அமைந்தது. 2021ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசில் ஒரு பாதி, பூமியின் காலநிலையைப் பௌதிக விதிகளால் மாதிரியுருப்படுத்தியமைக்காக சியுகுரோ மனாபே, கிளவுஸ் ஹாசல்மன் ஆகிய இருவருக்கும் கிடைத்தது. தனித்துறைதானா என்ற சந்தேகத்துக்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர் ஒருவர், இதே கேள்வியைத் தெஹிவளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்): தொடர்மாடியின் மேல்தளத்தில் வசிக்கிறோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஏப்ரல் மாதத்தில் இரவு பதினொரு மணிக்குக்கூட வீடு அனலாய் இருக்கிறது. பகலைவிட இரவில் வீட்டுக்குள் அதிகம் வேகிறது என்பது வெறும் பிரமையா?

பதில்: பிரமையல்ல. இதைத் தலைக்கு மேலுள்ள கொங்கிறீற்றுத் தட்டிலிருந்து தொடங்கிக் கணக்கிடுவோம். சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 7ஆம் திகதியளவில், அதாவது சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்னர். முகிலற்ற நண்பகலில் ஒரு சதுரமீற்றர் கூரையின்மீது ஏறத்தாழ 1,000 வாற்று வலு வந்து விழும். பழுப்பேறிய கொங்கிறீற்று அதில் நான்கில் மூன்று பங்கை உறிஞ்சிக்கொள்ளும். தட்டின் தடிப்பு 15 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுரமீற்றரின் திணிவு சுமார் 360 கிலோகிராம். கொங்கிறீற்றின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு 880 யூல் அளவில் இருப்பதால், தட்டின் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தாற் சதுரமீற்றருக்கு ஏறத்தாழ 3.2 மெகாயூல் வெப்பம் அதற்குள் தங்கிவிடுகிறது. சூரியன் மறைந்தபின் அது சதுரமீற்றருக்கு 100 வாற்று வீதம் வெளியேறினாலும், முழுவதும் தீர ஒன்பது மணித்தியாலம் செல்லும். மாலை 6.30க்குத் தொடங்கினால் அதிகாலை 3.30 ஆகிவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெப்பம் தட்டினூடே மெதுவாகவே ஊர்கிறது. இந்தத் தடிப்புள்ள கொங்கிறீற்றிலே வெளிப்புறத்தின் உச்ச வெப்பநிலை உட்புறத்தை எட்ட நான்கு மணி நேரமளவு செல்லும். அதாவது, பிற்பகல் ஒன்றரை மணியின் வெயில் உங்கள் கூரையின் அடிப்பக்கத்துக்கு மாலை ஐந்தரைக்குத்தான் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால் வெளியே வெயில் தணிந்திருக்க உள்ளே சூடு ஏறியிருப்பது தெரியும். மின்விசிறியைப் போட்டால் அது முதலிற் கீழே தள்ளுவது அந்தக் கூரையை ஒட்டி நிற்கும் சூடான வளியையே.

சரி, இரவில் ஏன் வேகமாக ஆறவில்லை? 30 பாகை செல்சியஸிலுள்ள எந்தப் பரப்பும் சதுரமீற்றருக்கு ஏறத்தாழ 480 வாற்று வீதம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்ப்பாகிய செந்நிறக்கீழ்க் கதிர்ப்பை வானை நோக்கி அனுப்புகிறது. வறண்ட பாலைநிலமாக இருந்தால் அதில் கணிசமான பகுதி விண்வெளிக்குத் தப்பிவிடும். அங்கே இரவில் குளிர்வது அதனால்தான். கொழும்பு வளியிலோ நீராவி நிறைந்திருக்கிறது. அந்த நீராவி வெப்பக் கதிர்ப்பை உறிஞ்சி, 400 வாற்றுக்கு மேல் கீழ்நோக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறது. நிகர இழப்பு ஐம்பது, எழுபது வாற்று என்ற அளவில் நின்றுவிடும். போதாதற்கு, உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி நிற்கும் ஒழுங்கைகளில் சுவருக்கு எதிரே தெரிவது வானமன்று, அடுத்த வீட்டின் சுவர். அதுவும் இதே போலச் சூடாய் இருக்கிறது.

கடலைப் பற்றிய எதிர்பார்ப்பு பலருக்கும் உண்டு. பகலில் அது நியாயமானதே: பிற்பகற் கடற்காற்று இல்லாவிட்டால் காலி வீதியின் நிலை இன்னும் மோசமாகும். ஆனால் ஏப்ரலில் கடலின் மேற்பரப்பே 29, 30 பாகையில் இருக்கிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் வளி அதைவிட எவ்வளவு குளிர்ந்திருக்க முடியும்? மேலும் அந்த வளியின் பனிபடுநிலை, அதாவது நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகைக்குக் கிட்ட நிற்கிறது. வெப்பநிலை அதை நெருங்கும்போது நீராவி ஒடுங்கத் தொடங்கி மறைவெப்பத்தை வெளிவிடுவதால், மேலும் குளிர்வது தடைப்படுகிறது. ஏப்ரலில் கொழும்பின் இரவு வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காததன் காரணம் இதுவே.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கூரைக்கு வெள்ளைப் பூச்சுப் பூசினால், புதிதாய் இருக்கும் காலத்தில் அது சூரிய ஒளியில் 70, 80 வீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் நமது மழையில் பாசியும் கரியும் படிந்து சில பருவங்களிலேயே அந்தத் திறன் குறைந்துவிடுவதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆண்டுதோறும் கழுவ வேண்டும். தட்டுக்கு மேலே சிறிது இடைவெளி விட்டுத் தகரமோ கீற்றோ போட்டு நிழல் செய்வது அழகற்றதாயினும், வெப்பம் தட்டுக்குள் புகுமுன்னரே தடுத்துவிடுவதால் மிகப் பயனுள்ளது. நகர மட்டத்திலோ நீரும் மரமும்தான் வழி. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு 2.4 மெகாயூல் வேண்டும்; மேலே பார்த்த தட்டின் ஒரு சதுரமீற்றர் தேக்கி வைத்ததன் முக்கால் பங்கு அது. பெத்தகான, தியசரு, தலவத்துகொட ஈரநிலங்கள் அருகிலுள்ள குடியிருப்புகளைக் குளிர்விப்பது இந்தக் கணக்கினால்தான். 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் சமவாயத்தின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற முதல் நகரங்களுள் கொழும்பும் ஒன்று. அவற்றை நிரப்பிக் கட்டடம் எழுப்பிவிட்டுக் குளிரூட்டி பூட்டுவோமானால், அந்தக் குளிரூட்டி அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் செலவிட்ட மின்சக்தியையும் சேர்த்து ஒழுங்கைக்குள் கொட்டும்.

கேள்வி (ஆசிரியை, கொட்டாஞ்சேனை): காற்றின் தரம் பற்றிக் கைத்தொலைபேசிச் செயலி ஓர் எண்ணைக் காட்டுகிறது, பாடசாலையிலுள்ள சிறிய கருவி வேறோர் எண்ணைக் காட்டுகிறது. எதை நம்புவது? டிசெம்பர், ஜனவரியில் புகைமூட்டம் கூடுவது இந்தியாவிலிருந்து வருவதாலா, எமது வாகனங்களாலா?

பதில்: முதலில் இரண்டும் ஒரே அளவுதானா என்று பாருங்கள். செயலிகள் பெரும்பாலும் மாசின் அளவைத் தரப்படுத்திக் கூறும் சுட்டெண்ணைக் காட்டுகின்றன. கருவி ஒரு கனமீற்றர் வளியிலுள்ள நுண்துணிக்கைகளின் திணிவை மைக்குரோகிராமில் காட்டுகிறது. அமெரிக்கச் சுட்டெண்ணில் 100 என்பது 2.5 மைக்குரோமீற்றருக்குட்பட்ட துணிக்கைகள் கனமீற்றருக்கு ஏறத்தாழ 35 மைக்குரோகிராம் இருப்பதைக் குறிக்கும். ஆகவே செயலியில் 100, கருவியில் 35 என்று வந்தால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

அலகுகள் ஒத்திருந்தும் எண்கள் வேறுபட்டால், ஐயுற வேண்டியது பெரும்பாலும் ஈரப்பதனையே. மலிவான கருவிகள் துணிக்கைகளை நிறுப்பதில்லை. சிறிய விசிறியொன்று வளியை இழுக்க, லேசர்க் கதிரொன்று அதன் குறுக்கே பாய, துணிக்கைகள் சிதறடிக்கும் ஒளியைக் கண்டு திணிவை ஊகிக்கின்றன. சார் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும்போது கடலுப்பு, சல்பேற்று போன்ற துணிக்கைகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். கருவி அந்த நீரையும் மாசு என்று எண்ணிக்கொள்ளும். கொழும்பில் அதிகாலைகள் பலவும் இப்படித்தான் இருக்கும்; அதனால் விடியற்காலையில் சிவப்பு எண்ணைக் கண்டவுடன் பதறிவிடாமல், அதே கருவியை நண்பகலிலும் பார்க்கவேண்டும். நியமக் கண்காணிப்பு நிலையங்களில் உள்ளிழுக்கும் வளியை முதலிற் சூடாக்கி உலர்த்திவிட்டே அளக்கிறார்கள். மலிவுக் கருவிகளை நான் குறைசொல்லவில்லை. கூடியதா குறைந்ததா என்ற போக்கை அவை நன்றாகவே காட்டும். மிகச்சரியான பெறுமானத்தை அவற்றிடம் கேட்கலாகாது.

அளவுகோல்களையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரிக்கு 5 மைக்குரோகிராம், 24 மணித்தியாலச் சராசரிக்கு 15 மைக்குரோகிராம் என்று வரையறுத்தது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி அவை முறையே 25, 50. இடைவெளி எவ்வளவு என்பதை நீங்களே காணலாம்.

எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை: இரண்டிலிருந்தும். 2.5 மைக்குரோமீற்றர்த் துணிக்கையொன்று அசைவற்ற வளியில் விழும் வேகத்தை ஸ்ரோக்ஸ் விதியால் கணக்கிட்டாற் செக்கனுக்கு 0.2 மில்லிமீற்றர்கூட வராது. ஒரு நாள் முழுதும் விழுந்தாலும் 16 மீற்றர்தான். அதைவிடச் சிறியவை இன்னும் மெதுவாகவே விழும். மழை கழுவிவிடாவிட்டால் அவை பல நாட்கள் மிதந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்யக்கூடியவை. தென்மேற்குப் பருவத்தில் நமக்கு வருவது இந்து சமுத்திரத்தைக் கடந்த வளி. மழையும் கூடவே வரும். வடகீழ்ப் பருவத்தில் காற்றின் திசை மாறி, உபகண்டத்தின்மீது தேங்கிய வளி வங்காள விரிகுடா வழியாக இறங்குகிறது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நிலவிய வேளையில் நேர்ந்தது இதன் கடுமையான வடிவம்: வளியின் தரம் மோசமானதால் 9ஆம் திகதி பாடசாலைகளை மூட நேரிட்டது நினைவிருக்கும். ஆய்வாளர்கள் காற்றுத் தரவுகளைக் கொண்டு வளித்திரளின் பாதையைப் பின்னோக்கிக் கணித்து, அது எங்கிருந்து புறப்பட்டது என்று அறிகிறார்கள்.

ஆனால் இதைச் சாட்டாக வைத்து எமது புகைக்குழாய்களை மறந்துவிடக்கூடாது. அதே பருவத்தின் தெளிந்த இரவுகளில் நிலம் குளிர்ந்து, அதையொட்டிய வளிப்படை மெல்லியதாகிவிடும். பகலில் ஆயிரம் மீற்றர் உயரத்துக்குக் கலந்து பரவும் புகை, அப்போது நூறு இருநூறு மீற்றருக்குள் அடைபட்டு நிற்கும். மருதானையிலும் புறக்கோட்டையிலும் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வாகன நெரிசல் விடும் புகை அந்த மெல்லிய படைக்குள்ளேயே சேர்கிறது. அயல்நாட்டுப் புகை எல்லா இடத்தையும் ஒரே அளவாக உயர்த்தும். சந்திக்குச் சந்தி வேறுபடும் பகுதி நம்முடையது.

கேள்வி (தெஹிவளை): ஒரு பஸ் 80 டெசிபெல் சத்தமிட்டால் இரண்டு பஸ்கள் 160 டெசிபெல்லா? கரையோர ரயிலின் சத்தம் இரவில் மட்டும் ஏன் பக்கத்தில் கேட்கிறது?

பதில்: 83 டெசிபெல். டெசிபெல் மடக்கை அளவீடு ஆதலால் ஒலிச்செறிவு இரட்டிப்பானால் 3 மட்டுமே கூடும். ரயில் விடயத்தில், இரவின் அமைதி ஒரு காரணம், வெப்பநிலை இன்னொன்று. வெப்பநிலை ஒரு பாகை கூட, வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் கூடும். இரவில் நிலத்தையொட்டிய வளி குளிர்ந்தும் மேலேயுள்ளது சற்றுச் சூடாயும் இருப்பதால் ஒலி முறிவடைந்து கீழ்நோக்கி வளைகிறது. பகலில் எதிர்மாறாக மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலாற் போய்விடுகிறது.

கேள்வி (வாசகர், கொள்ளுப்பிட்டி): நாளை மழை பெய்யுமா என்றே திடமாகச் சொல்ல முடியாதவர்கள் 2100ஆம் ஆண்டின் வெப்பநிலையைச் சொல்வதை எப்படி நம்புவது?

பதில்: நாளைய மழை, இன்றைய வளிமண்டலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஆரம்ப நிலையில் ஏற்படும் மிகச்சிறிய வழுவும் சில நாட்களிற் பெருகி எதிர்வுகூறலைக் குலைத்துவிடும் என்று எட்வேர்ட் லோரென்ஸ் 1963இற் காட்டினார். நூறாண்டுக் காலநிலை அதைப் பொறுத்ததன்று. பூமிக்கு வரும் சக்தியும் வெளியேறும் சக்தியும் எவ்வாறு சமப்படுகின்றன என்பதையே பொறுத்தது. வருகிற நவம்பர் 10ஆம் திகதி பிற்பகல் கொழும்பில் இடிமழை பெய்யுமா என்று இன்று எவராலும் கூற முடியாது. நவம்பர் மாதம் பெப்ரவரியைவிட ஈரமாய் இருக்கும் என்பதை எவரும் பந்தயம் கட்டிச் சொல்லலாம்.

அந்தச் சமநிலையைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். வளிமண்டலத்தின் உச்சியில் சதுரமீற்றருக்கு 1,361 வாற்று வருகிறது. பூமி கோளமாக இருப்பதால் அதை நான்கால் வகுத்து, திருப்பியனுப்பப்படும் 30 வீதத்தைக் கழித்து, வெப்பநிலையையும் வெளிவிடும் கதிர்ப்பையும் இணைக்கும் ஸ்ரெபான்–போல்ற்ஸ்மன் விதியில் இட்டால் வெப்பநிலை மறை 18 பாகை செல்சியஸ் என்று வரும். உண்மையான மேற்பரப்புச் சராசரியோ 15 பாகை அளவில் உள்ளது. இடையிலுள்ள 33 பாகை, நீராவியும் காபனீரொட்சைட்டும் ஏனைய வாயுக்களும் செய்யும் வேலை. காபனீரொட்சைட்டை இரட்டிப்பாக்கினால் என்னவாகும் என்று சுவாந்தே அர்ரேனியஸ் 1896இற் கையாலேயே கணக்கிட்டார். மனாபேயும் வெதரால்டும் 1967இற் கணினியாற் கணக்கிட்டு ஏறத்தாழ 2.3 பாகை உயரும் என்றார்கள். இன்றைய சர்வதேச மதிப்பீடு 2.5க்கும் 4க்கும் இடையில், சிறந்த கணிப்பாக 3 என்கிறது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இற் கீலிங் அளக்கத் தொடங்கியபோது மில்லியனுக்கு 315 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மேலதிகமாகச் சேரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது.

உங்கள் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வேறோர் இடத்தில் நியாயமானது. உலகக் காலநிலையைக் கணினியிற் கணக்கிடும் மாதிரியுருக்கள் பலவும் பூமியை நூறு கிலோமீற்றர் அளவான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இலங்கையின் மிகக்கூடிய அகலமே 225 கிலோமீற்றர் அளவுதான். அக்கட்டங்களில் நமது நாடு ஒருசில சதுரங்களுக்குள் அடங்கிவிடும். 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால அங்கே தாழ்ந்த மேடொன்றாகத் தட்டையாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்தி ஒரு பக்கத்தில் மழையையும் மறுபக்கத்தில் வரட்சியையும் உண்டாக்குவதே மலைநாடு எனும்போது, மலையில்லாத மாதிரியுரு நமது மாகாண மட்ட மழையைச் சரியாகச் சொல்லுமென்று எதிர்பார்க்க முடியாது. உலக வெப்பநிலை பற்றிய கணிப்பை நம்பலாம். ஊவா மாகாணத்தில் 2080இல் எத்தனை மில்லிமீற்றர் மழை என்று தசமதானத்தோடு எழுதும் அறிக்கையைக் கண்டால், எந்த மாதிரியுரு, என்ன கட்டம் என்று கேளுங்கள்.

கேள்வி (மட்டக்குளி): எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் எங்கே போய் ஒதுங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலில் தீப்பற்றிய அக்கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் இருந்தன. பொலித்தீனின் அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு 0.92 முதல் 0.96 கிராம் வரை, கடல்நீரினது 1.02. எனவே மணி மிதக்கும், ஆனால் உடலின் பெரும்பகுதி நீருக்குள்ளேயே இருக்கும். அதை இழுப்பவை மூன்று: கடல் நீரோட்டம், அலைகள் சிறிது சிறிதாக முன்தள்ளும் நகர்வு, காற்று. மேற்பரப்பிலே காற்றுவேகத்தின் 3 வீதமளவு நகர்வு கிடைக்கும் என்பது நடைமுறையிலுள்ள ஒரு தோராய விதி. செக்கனுக்கு 10 மீற்றர் வீசும் பருவக்காற்றில் அது நாளொன்றுக்கு 26 கிலோமீற்றராகிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கும் வேளையில் அந்தக் காற்று கரையை நோக்கியே வீசுமாதலால், கொழும்புக்கு வடக்கே சரக்குவ, நீர்கொழும்புக் கரைகளில் சில நாட்களுக்குள்ளேயே மணிகள் குவிந்ததில் வியப்பில்லை.

கணக்கைச் சிக்கலாக்கியது தீ. உருகிக் கட்டிபட்ட துண்டுகளும் சாம்பல் கலந்த துண்டுகளும் வேறு வேறு அடர்த்தியும் வடிவமும் கொண்டவை. சில மிதக்கும், சில அமிழும். மணலுக்குள் புதைந்தவற்றை அடுத்த பருவத்தின் அலைகள் மீண்டும் தோண்டியெடுக்கும். ஆதலால் முதற் சில நாட்களுக்கான கணிப்புக்கும் பல மாதங்களுக்கான கணிப்புக்கும் நம்பகத்தன்மையில் மிகுந்த வேறுபாடு உண்டு.

கேள்வி (தந்தை ஒருவர், மருதானை): மகன் இத்துறையைப் படிக்க விரும்புகிறான். வேலை கிடைக்குமா?

பதில்: உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் வேண்டும். பின்னர் விஞ்ஞான பீடத்திற் பௌதிகவியலைப் படித்து, கணினி நிரலாக்கத்தையும் புள்ளிவிபரவியலையும் கட்டாயம் பழகிக்கொள்ளட்டும். வளிமண்டலவியல் திணைக்களம், மண்சரிவையும் வளித்தரத்தையும் ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கடலையும் நீர்நிலைகளையும் ஆராயும் நாரா நிறுவனம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆகியவற்றில் இத்தகைய பயிற்சி பயன்படும். இடங்கள் அதிகமில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பட்டமேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தால் வாய்ப்பு விரியும்.

கேள்வி (விஞ்ஞான ஆசிரியர், கொழும்பு 13): அதிகச் செலவில்லாமல் மாணவரைக்கொண்டு செய்விக்கக்கூடிய அளவீடு ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: ஈரக்குமிழ் வெப்பமானியைச் செய்யுங்கள். ஒத்த இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனியைச் சிறு நீர்ப்புட்டிக்குள் விடுங்கள். இரண்டையும் நிழலில், நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் கட்டி, வாசிக்குமுன் சில நிமிடங்கள் விசிறிவிடுங்கள். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது மறைவெப்பத்தை எடுத்துச் செல்வதால் அந்த வெப்பமானி குறைவாகக் காட்டும். உலர் குமிழ் 32, ஈரக்குமிழ் 27 என்று வந்தாற் சார் ஈரப்பதன் 70 வீதத்துக்குக் கிட்ட இருக்கிறது. இரண்டும் நெருங்க நெருங்க வியர்வை உலராமல் உடல் வெப்பத்தை இழக்க முடியாது போகும். ஈரக்குமிழ் 35 பாகையே மனித உடல் தாங்கும் எல்லை என்று நெடுநாள் கருதியிருந்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு பின்னர் நடத்திய பரிசோதனைகளில், ஈரலிப்பான சூழலில் 31 பாகை அளவிலேயே உடல் வெப்பநிலை ஏறத் தொடங்குவது தெரியவந்தது. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியை எந்த நேரத்தில் வைப்பது என்று தீர்மானிக்க இந்த வாசிப்பு சாதாரண வெப்பமானியைவிட உதவும்.

ஒரு சோடியை மைதானத்தின் புல்வெளியிலும் இன்னொன்றைத் தார் போட்ட முற்றத்திலும் வைத்து ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். கவனிக்கவேண்டியவை இரண்டு. வெயில் நேரே பட்டால் வெப்பமானி வளியின் வெப்பநிலையைக் காட்டாமல் தான் உறிஞ்சிய கதிர்ப்பின் விளைவையும் சேர்த்துக் காட்டும். குழாய்நீரிலுள்ள உப்பு துணியிற் படிந்து நீர் ஏறுவதைத் தடுக்குமாதலால் வடித்த நீரையே பயன்படுத்தி, துணியைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.